பதினொன்றாவது கேள்வி

— முதல் ஒன்பது கேள்விக்கு 'நன்று'. பத்தாவதுக்கு 'மிக நன்று'. ஏன் ரோண்டா, இது வேலைய விட்டுப் போறவங்க நிரப்புற ஃபாரமா, இல்ல கல்யாண வாழ்த்து மடலா?

— குடுங்க இங்க, வெர்ன். அடுத்தவங்க பேப்பரை எட்டிப் பாக்குற வயசா உங்களுக்கு?

— அறுபத்து நாலு. இந்த வயசுல எட்டிப் பாக்க வேற என்ன கெடைக்குது தாயி. பதினொண்ணு மட்டும் ஏன் காலியா கெடக்கு?

— யோசிக்கிறேன்.

— 'பணியிடத்தில் உங்களை யாரேனும் அவமதித்தது உண்டா? அதில் பங்கெடுத்த அனைவரின் பெயரையும் எழுதவும்.' இதுல யோசிக்க என்ன இருக்கு? லைல் பேரை எழுது. ரெண்டே எழுத்து. மை கூடச் செலவாகாது.

— ஒரு மணிக்கு ஆபீஸ்ல மிஸஸ் பென்னர் கூப்பிடுவாங்க. பேப்பரைக் குடுத்துட்டு, கை குலுக்கிட்டு, சாயங்காலம் பிள்ளைங்கள வீட்ல எறக்கிவிட்டுட்டுப் போயிடலாம்னு பாக்குறேன். திங்கக்கிழமையிலேர்ந்து வின்னிபெக்ல டவுன் பஸ் ஓட்டப் போறேன். லைல் மூஞ்சியில இனி முழிக்க வேண்டாம்.

— நீ முழிக்க வேண்டாம். உன் பதினாலாம் நம்பர் வண்டிக்கு வரப்போகுதே ஒரு பொண்ணு, அது முழிக்கணும்ல. நேத்து, ராத்திரிக் குளிர்ல இன்ஜின் உறையாம சூடாக்குற கரண்ட் பிளக்கைக் கழட்டாமலே வண்டிய எடுத்து, வயரை வாலு மாதிரி இழுத்துக்கிட்டுப் போச்சு. லைலுக்கு ஒரு வருஷத் தீனி.

— அந்தப் பொண்ண நெனச்சுத்தான் பேனாவையே எடுத்தேன். எழுதினா மட்டும் என்ன? 'சும்மா கிண்டல்தான் மேடம், எல்லாரும் சிரிச்சாங்களே'ம்பான்.

— கிண்டலா? தெனம் காலைல கன்ட்ரோல் ரூம்ல சாஞ்சு உக்காந்துக்கிட்டு, இருபத்தாறு ஸ்கூல் பஸ்ஸுக்கும் கேக்குற மாதிரி வயர்லெஸ்ல, 'பதினாலு, இன்னைக்கு எந்த நாட்டுல இருக்கீங்க, பாஸ்போர்ட் இருக்கா'ங்கறது கிண்டலா? பனியில ஒரே ஒரு தடவை வழி தவறிப் போன. ரெண்டு வருஷமா அதையே அரைக்கிறான். நான் பட்டப்பகல்ல என் வீட்டுக்கே வழி தெரியாம நின்னிருக்கேன். வேணும்னேதான் தொலைஞ்சீங்கன்னு என் பொண்டாட்டி இன்னும் சொல்றா.

— அவன் பேசுறதையாவது தாங்கிக்கலாம். அது முடிஞ்சதும் வருமே, டக் டக்னு. முதல்ல ஒருத்தர். அப்புறம் இன்னொருத்தர். அப்புறம் வரிசையா.

— மைக் பட்டனை ரெண்டு தட்டுத் தட்டினா 'சரி, கேட்டுச்சு'ன்னு அர்த்தம். அதைச் சிரிப்பாக்கினது நம்ம ஆளுங்க. வாய்விட்டுச் சிரிச்சா யாருன்னு தெரிஞ்சிடும். தட்டுறதுக்குக் குரல் கெடையாது பாரு.

— முன் சீட்டுல உக்காருற சின்னது, ஒண்ணாங் கிளாஸ், ஒரு நாள் கேட்டுச்சு, 'இன்னைக்கும் நாம தொலைஞ்சு போவோமா'ன்னு. இல்ல கண்ணுன்னு சிரிச்சேன். கண்ணாடியில என் மூஞ்சியப் பாத்துட்டு அது நம்பல.

— நீ அந்தப் பள்ளத்துக் கதைய எழுது. அது ஒண்ணு போதும், அவன் சீட்டைக் கிழிக்க.

— ஜனவரி மாசம்.

— மைனஸ் முப்பத்தொண்ணு டிகிரி குளிர். உள்ள பதினோரு பிள்ளைங்க. வண்டி பள்ளத்துல எறங்கிடுச்சு, இழுக்க ஆள் அனுப்புங்கன்னு நீ கேட்ட. அவன் என்ன சொன்னான்? 'சுற்றுலா போன எடத்துலேர்ந்து ஒரு போஸ்ட் கார்டு போடுங்க'ன்னான்.

— அப்புறம் டக் டக்.

— ஆமா. அப்புறம்... ஆமா.

— நான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். கன்ட்ரோல்ல பதிலே இல்ல, காபி எடுக்கப் போயிட்டானாம். மத்தவங்க எல்லாம் நான் விளையாட்டுக்குச் சொல்றேன்னு நெனச்சிருப்பாங்க. இன்ஜின் வேற அணைஞ்சு போச்சு. பிள்ளைங்கள மும்மூணு பேரா ஒட்டி உக்கார வெச்சு, என் கோட்டைப் போத்தி, தூங்காதீங்க, பாடுங்கன்னேன். இருபது நிமிஷம் கழிச்சு ஒரு பண்ணைக்காரர் டிராக்டரோட வந்தார். அதுக்கப்புறம் நான் வயர்லெஸ்ல உதவின்னு கேட்டதே இல்ல, வெர்ன். டயர் வெடிச்ச அன்னைக்குக்கூட. அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, இப்படி வாயடைச்சு வண்டி ஓட்டுனா ஒரு நாள் ஏதாவது பிள்ளைய நானே கொன்னுடுவேன்னு. அதான் போறேன்.

— அதையே எழுது தாயி, வார்த்தை மாத்தாம. உனக்கு முன்னாடி லைல்கிட்ட மாட்டின எர்வின் எழுதாமப் போனான். 'குடும்பக் காரணம்'னு போட்டுட்டுப் போனான், குடும்பமே இல்லாத மனுஷன். அவன் எழுதியிருந்தா உனக்கு இது நடந்திருக்காது.

— நீங்க ஏன் எழுதல? பத்தொம்பது வருஷமா இங்கதான இருக்கீங்க.

— நானா? நான் பேர் போன கோழை. போன வருஷம் ஒரு காட்டு வாத்து விரட்டி, பிள்ளைங்க கைதட்ட பஸ்ஸுக்குள்ள ஓடி ஒளிஞ்சவன். ரிட்டயராக இன்னும் எட்டு மாசம். தைரியம் இருக்கிறவங்கள கெஞ்சுறதுதான் நமக்கு வரும். கெஞ்சுறேன், எழுது.

— 'அனைவரின் பெயரையும்'னு போட்டிருக்கு. கீழ கையெழுத்து வாங்குறாங்க. பாதி உண்மைக்குக் கையெழுத்துப் போட எனக்கு வரல. முழுசா எழுதவும் மனசு வரல.

— ஒருத்தரையும் விடாத. தட்டினவங்க எல்லாரையும் எழுது. பிள்ளைங்க பள்ளத்துல கெடக்கையில தட்டினவனுக்கு எல்லாம் என்ன பரிதாபம்? ஆனா யாரு தட்டினதுன்னு யாருக்குத் தெரியும், அதான் சங்கடம்.

— எனக்குத் தெரியும்.

— எப்படித் தெரியும்?

— செப்டம்பர்ல என் வண்டிக்கு மட்டும் புது வயர்லெஸ் வெச்சாங்க. அதுல சின்னதா ஒரு திரை இருக்கு. யாரு பட்டனை அழுத்தினாலும் அந்த வண்டி நம்பர் வந்து நிக்கும்.

— ...நம்பரா.

— முதல் தட்டு எப்பவும் ஒரே நம்பர். பள்ளத்துல கெடந்த அன்னைக்கும் அதே இருபத்திரெண்டு.

— ரோண்டா.

— தெனம் மத்தியானம் இதே மேசையில பாதி சாண்ட்விச்சைப் பிச்சு எனக்குக் குடுக்குற மனுஷன் பேரை நான் எப்படி எழுதுவேன், நீங்களே சொல்லுங்க.

— முதல்ல நான் தட்டிட்டா எல்லாரும் தட்டிட்டு சீக்கிரம் விட்டுடுவாங்கன்னு... இல்ல. பொய். உன்னை விட்டா அடுத்தது யாருன்னு பயம். எர்வினுக்கு முன்னாடி லைலுக்கு நான்தான் தீனி.

— தெரியும். எர்வின் சொல்லியிருக்கார்.

— நான் தட்டினது தெரிஞ்சுமா என்கூட உக்காந்து சாப்பிட்ட?

— மிஸஸ் பென்னர் கதவைத் திறந்துட்டாங்க. விடுங்க வெர்ன், பதினொண்ணு காலியாவே போகட்டும்.

— இரு. அந்தப் பேனாவ இங்க குடு. என் முழுப் பேரை நீ எழுதினா தப்பாத்தான் எழுதுவ.