ராணி நலமாக இருக்கிறாள்

வாத்துகள் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிரியம். வாக்குமூலத்தில் அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. பிறகு என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

நான் சரளைக் குவாரியில் மேற்பார்வையாளன். அந்த இடம் ஒரு காலத்தில் குப்பைமேடு. குப்பை நிறைந்ததும் மேலே சரளையைக் கொட்டி மூடினார்கள். அந்தச் சரளையைத்தான் நாங்கள் அள்ளி, அலசி, விற்கிறோம். மூடியைத் திருடி விற்கிறோம் என்று கீழ்த்தெருக்காரர்கள் சொல்வது கொஞ்சம் மிகை. சல்லடையில் கல்லோடு பல்செட்டும் பொம்மைக் கையும் வருவது உண்மைதான். அலசிய தண்ணீர் குட்டையில் தேங்கும். அது ஊறித் தங்கள் கிணறுகளுக்கு வருகிறது என்று ஒரே புலம்பல். என் சொந்தத் தங்கையும் அந்தத் தெருவில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள்.

குவாரியை மூடினால் எனக்கு வேறு பிழைப்பு தெரியாது. அதனால் தெருக்கூட்டத்தில் ஒரு வார்த்தை விட்டேன்: குட்டையில் ஒரு வாத்தை விடுகிறேன், அது பிழைத்திருந்தால் தண்ணீர் நல்ல தண்ணீர்.

தெருச் சங்கத்தின் தலைவி டீச்சரம்மா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் அதட்டலிலிருந்து ஓய்வு பெறாதவர்.

"சரி. மழை வர்ற வரைக்கும் வாத்து உசுரோட இருந்தா குவாரி நடக்கச் சம்மதக் கையெழுத்து போடறேன். செத்துச்சுன்னா குவாரிக்குப் பூட்டு" என்றார்.

பிள்ளைகள் வாத்துக்கு ராணி என்று பெயர் வைத்தார்கள். ராணி அன்று மாலை வரை ஜோராக நீந்தினாள். காலையில் மல்லாந்து கிடந்தாள். வயதாகியிருக்கலாம். ஆட்கள் வருமுன் சந்தைக்குப் போய் இன்னொரு ராணியை வாங்கி வந்துவிட்டேன்.

அதுவே பழக்கமாகிவிட்டது.

"என்னங்க, ராணி திடீர்னு குண்டாயிட்டா?" என்று டீச்சரம்மா ஒருநாள் கேட்டார்.

"இங்க காத்து அப்படிங்கம்மா."

ஒருமுறை சந்தையில் வெள்ளை வாத்தே இல்லை. பழுப்பு வாத்தை விட்டேன். வெயிலில் கறுத்துவிட்டாள் என்றேன். பாவம் என்று குட்டையோரம் பிள்ளைகள் குடை நட்டார்கள். நம்பத் தயாராக இருப்பவர்களின் மனதை நாம் ஏன் புண்படுத்த வேண்டும்?

தங்கை மட்டும் தனியாக வந்தாள். "அண்ணா, உண்மையைச் சொல்லு. அந்தத் தண்ணியத்தான் குழந்தைக்குக் குடுக்கறேன். குடுக்கலாமா?"

"ராணியைப் பாத்தியா, எப்படி இருக்கான்னு?"

அவள் சிரித்துவிட்டுப் போனாள். நான் பொய் சொல்லவில்லை ஐயா, கேள்விதான் கேட்டேன்.

போய்ச்சேர்ந்த ராணிகள்தான் தலைவலி. புதைக்கலாம் என்றால், அங்கே எங்கே தோண்டினாலும் குப்பை வருகிறது. ஆகவே அலுவலக ஐஸ் பெட்டியில் அடுக்கினேன். போகப்போக மூடி சாத்த முடியவில்லை. கடைசி நாட்களில் அதன்மேல் உட்கார்ந்துதான் வேலை பார்த்தேன்.

முதல் மழை வந்தது. ராணி நீந்திக்கொண்டிருந்தாள். டீச்சரம்மா கையெழுத்துப் போட்டார். அந்தச் சந்தோஷத்தில் கீழ்த்தெருவுக்கே விருந்து வைத்தேன். காரசாரமான வாத்துக் கறி. அத்தனை வாத்துகளைத் தூக்கி எறிய எனக்கு மனம் வரவில்லை.

"எங்க வாங்குனீங்க? பஞ்சு மாதிரி இருக்கே" என்று டீச்சரம்மா மறுபடியும் கேட்டு வாங்கினார்.

"நம்ம குட்டையில வளந்ததுதாங்கம்மா."

மறுநாள் கீழ்த்தெருவில் ஒரு கழிப்பறையும் காலியாக இல்லை. டீச்சரம்மா பக்கத்து வீட்டுக் கதவை உடைத்துவிட்டார் என்று கேள்வி. யார் உயிருக்கும் ஆபத்தில்லை. தங்கை மட்டும் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். பார்க்கப் போனால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒத்துக்கொள்கிறேன் ஐயா, விருந்து என் வேலைதான். ஆனால் தண்ணீரைக் குறை சொல்லாதீர்கள். அது சுத்தம் என்று மனதார நம்பித்தான் என் கையாலேயே பரிமாறினேன். நான் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்கிறீர்கள். பரிமாறுகிறவன் கடைசியில்தானே உட்கார வேண்டும்? உட்கார்ந்தபோதும் சட்டியில் கறி நிறையவே இருந்தது. ஆனால் காலையில் கிளம்பும்போதே எனக்கென்று வீட்டிலிருந்து கொஞ்சம் தயிர்சோறு எடுத்து வந்திருந்தேன்.