வாள் படாத ரிம்

தலைமை தாங்கும் மோட்டார் சைக்கிள் திருத்துநர் சங்கத் தலைவர் அவர்களே, துணையை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கேதீஸ்வரி அக்கா அவர்களே, காத்தான்குடியிலிருந்து வந்திருக்கும் சரீப் காக்கா அவர்களே, குருக்கள்மடத்துப் பெரியோர்களே, தாய்மார்களே!

எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன் நான். இந்த அஞ்சலி உரையை எழுதித் தருவதாக என் மகள் ஆர்த்திகா சொன்னாள். வேண்டாம் என்றேன். பிழை வந்தால் என் பெயர்தானே கெடும், அது ஏற்கெனவே கெட்டதுதான்.

அக்காவின் கணவர், என் முதலாளி, டயர் வித்தகர் வினாயகமூர்த்தி அண்ணன்! இந்தக் கரையில் அவரை அறியாதவர் யார்? சுனாமி வாவிக்குள் எறிந்த பழைய மோட்டார் சைக்கிள்களை இழுத்து வந்தார்களே, உப்பும் துருவும் ஒட்டவைத்த அந்த டயர்களைக் கழற்றிக் கொடுத்தவர் யார்? சண்டை ஓய்ந்ததும் வெல்லாவெளிப் பக்கம் வைக்கோலுக்குள் ஒளித்தவை வந்தனவே, கல்லாய் இறுகிய அந்த டயர்களைக் கழற்றியவர் யார்? அண்ணன்தான்!

"வாள் வைக்கப்படாது கா. வாள் பட்டா ரிம் செத்துப் போயிரும்" என்பார். இரும்பறுக்கும் வாளால் டயரை வெட்டக் கூடாது, அதுதான் எங்கள் கடைச் சட்டம். சவர்க்காரத் தண்ணீர் ஊற்றுவோம், குதிக்காலால் மிதிப்போம், லீவரால் நெம்புவோம். அதற்கும் அசையாவிட்டால், "நல்லரத்தினம், ரெண்டு பிளேன்டி வாங்கிற்று வாகா" என்பார். நான் தேநீரோடு திரும்பி வரும்போது டயர் கழன்று சாக்குக்குள் போயிருக்கும்! ரிம்மில் ஒரு கீறல் இராது.

"எப்பிடி அண்ணன்?"

"கைப்பக்குவம்டா."

அந்தக் கைப்பக்குவத்தை ஊரெல்லாம் புகழ்ந்து திரிந்தவன் நான்.

அண்ணன் கல்யாண வீட்டுக்குப் போன ஒரு நாள், சரீப் காக்கா தன் வாப்பா ஓடிய மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைக் கொண்டுவந்தார். வாள் ஆணியில் தொங்கியது. தொட்டேனா? சட்டம் அல்லவா! லீவராலேயே நெம்பினேன். டயர் வரவில்லை, ரிம்தான் பிளந்தது. அப்படியொரு ரிம் இனி எங்கே கிடைக்கும்?

"பரவால்ல தம்பி. வாப்பாவும் மௌத்தாப் போயிட்டாரு, இதுவும் போவட்டும்" என்றார் காக்கா. அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அண்ணன் வந்து எல்லார் முன்னாலும் சொன்னார்: "பக்குவம் இல்லாதவன் லீவரத் தொடப்படாது." அன்றிலிருந்து பள்ளிக்கூடத்திலும் என் மகளுக்கு 'ரிம் உடைச்சான்ட மகள்' என்று பெயர். நானும் சேர்ந்து சிரித்தேன்.

சென்ற வாரம் கடையின் பின்பக்கம் கிடந்த சாக்குகளை அக்காவும் நானும் அவிழ்த்தோம். உள்ளே பழைய டயர்கள். ஒவ்வொன்றிலும் நேராக ஒரு வாள் வெட்டு! கூடவே, ரிம்மில் வாள் படாமல் இடையில் செருகிய ஒரு தகரத் துண்டு. அதில்தான் அத்தனை கீறலும்.

அண்ணன்! அத்தனை பிளேன்டியும் இதற்குத்தானா? இந்தத் தகரத்தை ஒரு நாள் காட்டியிருந்தால் காக்காவின் சக்கரம் இன்று ஓடுமே! உடைந்த ரிம்மோடு நான் நின்றபோதாவது சொல்லியிருக்கக்கூடாதா? இப்போதும் உங்களை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறேன். ஆனால் நெஞ்சு ஆறவில்லை.

சபையோரே! கடையைத் திறக்கும்படி அக்கா கேட்டிருக்கிறார். திறப்பேன். அண்ணன் விட்ட வேலையைத் தொடர்வேன். அந்தத் தகரத்தை வாசலில், எல்லார் கண்ணிலும் படத் தொங்கவிடுவேன்.

சரீப் காக்கா, பின்சக்கரம் இன்னும் உங்கள் வீட்டில்தானே கிடக்கிறது? கொண்டுவாருங்கள். பக்கத்தில் கதிரை போடுகிறேன். உங்கள் கண் முன்னாலேயே வாள் வைக்கிறேன். டயர் கழன்ற பிறகு, ரெண்டு பேருமாகப் போய் பிளேன்டி குடிப்போம்.