மூச்சு மட்டும் பதிவான ஒன்றரை நிமிடம்

லா சப்பல் மெத்ரோ ரயில் மேடையில், மாலை நெரிசலில், எனக்கு முன்னால் நின்ற பெண் ஹெட்போனைக் கழற்றியபடி சொன்னாள்:

“சீனாவுல ஒரு பையன் இன்னைக்கு என் காதுல ஒன்றரை நிமிஷம் மூச்சு மட்டும் விட்டான்ணா.”

தமிழ்நாட்டுப் பேச்சு. பக்கத்தில் கீரைப் பையோடு நின்றவர் யாழ்ப்பாணத்துக்காரர். பார்த்துப் பழகியவர்கள் போலும்.

“பொலிசுக்குச் சொல்லுங்கோவன் பிள்ளை.”

“ஐயோ, அது இல்லண்ணா. காலேஜ் பசங்களுக்கு இங்கிலீஷ் பரீட்சை. அவங்க பேசின பதிவைக் கேட்டு நான் மார்க் போடணும். நேத்து யார்கூட சாப்பிட்டே, ரெண்டு நிமிஷம் சொல்லுன்னு கேள்வி. தனியா சாப்பிட்டேன்னான். அதுக்கு மேல பேச்சே இல்ல.”

“உண்மையைத்தானே சொல்லியிருக்கிறான்.”

“உண்மைக்கு மார்க் இல்லண்ணா. பேசலன்னா ஃபெயில்.”

“ஃபெயில் போட்டிட்டீங்களோ?”

“பதிவு கெட்டுப்போச்சுன்னு எழுதிட்டேன். இன்னொரு தடவை பேச விடுவாங்க.”

அவர் சிரித்துவிட்டார். “கெட்டிக்காரிதான். பிறகும் அதே கேள்வி வந்தால்?”

மழையில் நனையும் தண்டவாளத்தின் வளைவில் ரயிலின் வெளிச்சம் தெரிந்தது. அவள் ஹெட்போனைப் பைக்குள் வைத்தாள்.

“அதுக்குள்ள அவனுக்கு யாராவது கிடைச்சிடணும்ண்ணா.”