மர ஆளின் தோள்

பேருந்தில் ஏறினாலே எனக்குக் குமட்டும். "பஸ்ஸைக் கவுத்துச் சம்பளம் வாங்குறீங்கல்ல, நல்லா வேணும்" என்பாள் என் மனைவி.

விசாரணைக்கு நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நான் சோதனைப் பொறியாளன். கவிழ்ந்தால் உள்ளே இருப்பவர்கள் பிழைப்பார்களா என்று பார்க்க, வண்டியைச் சாய்மேடையில் நிறுத்தி, மெல்லச் சாய்த்து, பக்கத்துப் பள்ளத்தில் விழவிடுவோம். உள்ளே ஜன்னலோரத்தில், உட்கார்ந்திருக்கும் ஆளின் உருவத்தில் வெட்டிய மரப்பலகை. அதன் விளிம்பில் ஈரச் சாயம். விழும் அடியில் உள்ளே வளைந்து வரும் ஜன்னல் தூணில் சாயம் ஒட்டினால் வண்டி தோற்றது. புது வண்டியின் தூணில், தோள் உயரத்தில், ஒட்டியிருந்தது.

தூணைத் தடிமனாக்கச் சொன்னேன். முதலாளி செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அதே தூண், வேற வண்டி. மறுபடி உருட்டுங்க."

கொதித்தது எனக்கு. இன்றும் அடங்கவில்லை.

மேலாளர் என்னைவிடச் சின்னவன். மேசையருகே வந்து நின்றான்.

"அண்ணே, இதுவும் தோத்தா வண்டியோட என்னையும் சேத்து உருட்டிடுவாங்க. வீட்டுல மாசமா இருக்கா."

"அதுக்குத் தூணுக்கு நான் தாலாட்டா பாட முடியும்?"

சிரித்தான். அப்புறம் அழுதான். யாராவது அழுதால் நான் வெண்ணெயாக உருகிவிடுவேன். ரம்பத்தை எடுத்தேன். தூணைத் தொடவில்லை, கவனியுங்கள். மர ஆளின் தோளைத்தான் கொஞ்சம் அறுத்தேன். ஆள் இளைத்தான். வண்டி தேறியது.

இப்போது மலைப்பாதையில் அந்த ரக வண்டி ஒன்று உருண்டதில் ஜன்னலோரம் இருந்த ஒருவரும் மிஞ்சவில்லை என்று என் மேல் பாய்கிறீர்கள். முதலாளியைக் கேட்டீர்களா? வளைவில் பறந்த டிரைவரை? அத்தனை அகலத் தோளை வைத்துக்கொண்டு ஜன்னல்தான் வேண்டுமென்று அடம்பிடித்தவர்களை? எரிச்சலாக இருக்கிறது, ஐயா. தெரிந்தே செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். எனக்குத் தெரியாது.

மகள் விஷயம் வேறு. விபத்து நடந்த அன்று காலை அதே வண்டியில் டிக்கெட் எடுத்திருந்தாள்.

"ஜன்னல் சீட்டுப்பா. தூங்கிட்டே போயிடுவேன்."

"நெஞ்சு வலிக்குதும்மா, போகாதே" என்றேன். வலியெல்லாம் இல்லை. முணுமுணுத்துக்கொண்டே ரத்து செய்தாள். அந்த இருக்கையை வேறு ஒரு பெண் வாங்கிக்கொண்டாள் என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள். இருக்கலாம்.

மகளைத் தடுத்தது அப்பன். பொறியாளனுக்கு அதில் சம்பந்தமே இல்லை.