டாக்டர் வூட்டுத் தராசு

சந்திரம்மா: ...முட்டி எங்கயும் ஓடிப் பூடாது டாக்டரே. தொட்டில்ல கெடக்குற உம் புள்ளைய ஒரு தபா என் கையில குடு.

டாக்டர்: முட்டி வலின்னு தானே டோக்கன் வாங்கின?

சந்திரம்மா: வாங்கினேன். இப்ப வலிக்கல.

டாக்டர்: எப்ப நின்னுச்சு?

சந்திரம்மா: பாப்பாவப் பாத்ததும்.

டாக்டர்: வெளிய பன்னெண்டு பேரு உக்காந்திருக்காங்க. கேசவன் சார் காலையில இருந்து நாக்க நீட்டி நீட்டி செல்லுல போட்டோ எடுத்துட்டிருக்காரு. சாரதாம்பாள் நேத்து நான் குடுத்த மாத்திரைய பூனைக்குக் குடுத்துப் பாத்துட்டு, "பூன தூங்குது, நான் சாப்புடலாமா"ன்னு கேக்க வந்திருக்காங்க. பதினோரு மணிக்குள்ள அத்தன பேரையும் பாத்து அனுப்பணும்.

சந்திரம்மா: பதினோரு மணிக்கு எங்க போற?

டாக்டர்: எங்கயோ போறேன்.

சந்திரம்மா: செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கா?

டாக்டர்: ...யாரு சொன்னது?

சந்திரம்மா: வாசல்ல காரு. காருக்குள்ள பையி. பையிக்கு மேல பால்பவுடர் டப்பா. இத வேற ஒருத்தரு வந்து சொல்லணுமா?

டாக்டர்: சும்மா ஒரு செக்கப்பு.

சந்திரம்மா: செக்கப்புக்கு எதுக்கு மூணு நாளு துணி?

டாக்டர்: நீ மீன் விக்கிறியா, போலீஸ்ல இருக்கியா?

சந்திரம்மா: புதுப்பட்டினம் மார்க்கெட்டுல முப்பது வருசம் மீன் கூடைய வெச்சிகினு உக்காந்தா ரெண்டும் ஒன்னு தான். குடு புள்ளைய.

டாக்டர்: கை கழுவு.

சந்திரம்மா: கழுவினு தான் வந்தேன்.

டாக்டர்: சோப்புப் போட்டு. முழங்கை வரைக்கும்.

சந்திரம்மா: ...இந்தா. தோலு தான் உரியல. போதுமா? வாடி என் கண்ணு... வா... உங்கப்பன் மூஞ்சப் பாக்காத, பால் திரிஞ்சிடும். என்னப் பாரு...

டாக்டர்: தலையப் புடி!

சந்திரம்மா: நாலு பெத்தவ நானு. எனக்கு சொல்லித் தராத. ...ம்... இரு... மூணு எண்ணூறு.

டாக்டர்: என்னது?

சந்திரம்மா: மூணு கிலோ எண்ணூறு கிராமு. முன்ன பின்ன அம்பது இருக்கும்.

டாக்டர்: இது வஞ்சிர மீன் இல்ல சந்திரம்மா.

சந்திரம்மா: கைக்கு இன்னா தெரியும் மீனா புள்ளையான்னு? கனம்னா கனம் தான்.

டாக்டர்: மூணு கிலோ நூறு தான். காலையில ரெண்டு தடவ நிறுத்துப் பாத்தேன்.

சந்திரம்மா: ரெண்டு தபாவா?

டாக்டர்: ...நாலு தடவ.

சந்திரம்மா: மூணு நூறுன்னா என் கை இப்டி எறங்காது.

டாக்டர்: உன் கைய வெச்சி நான் வைத்தியம் பாக்க முடியாது! பொறக்கும்போது ரெண்டு தொள்ளாயிரம். ஒரு மாசம் திருப்போரூர்ல அவங்கம்மா வூட்ல இருந்துட்டு, பத்து நாளைக்கி முன்ன தான் இங்க வந்தாங்க. அன்னிக்கி சாயங்காலம் வெச்சுப் பாக்குறேன்... பொறந்த எடையவிடக் கம்மி. இன்னியோட நாப்பது நாளு. இருநூறு கிராமு ஏறியிருக்கு. ஒரு கிலோ கிட்ட ஏறணும். இருநூறு!

சந்திரம்மா: கத்தாத. புள்ள ஒதட்டப் பிதுக்குது பாரு. உம் பொண்டாட்டி பிரிசில்லா கிட்ட இன்னா சொன்ன?

டாக்டர்: உள்ளத சொன்னேன். உனக்குப் பால் பத்தலன்னு.

சந்திரம்மா: அதுக்கு அது இன்னா சொல்லிச்சு?

டாக்டர்: அன்னியிலேர்ந்து பாப்பாவ மடியில போட்டுட்டு செவுத்தப் பாத்து உக்காந்திருக்கா. இன்னிக்கி அட்மிட் பண்ணிட்டு, டப்பா பால் ஆரம்பிச்சிடலாம்னு சொல்லிட்டேன்.

சந்திரம்மா: இத வெளிய யாருக்கும் சொல்லல நீ.

டாக்டர்: எதுக்கு சொல்லணும்? கழனியில கூலிக்கு நின்ன ஏசுபாதம் மவன் டாக்டரு ஆயிட்டான். ஊரு மொத்தமும் இவன் பேச்சக் கேட்டுப் புள்ள வளக்குது. கல்யாணமாகி பதினோரு வருசம் கழிச்சி அவனுக்கு ஒன்னு பொறந்து, அது தேறலன்னு சந்தியில பேசணுமா? அதுக்காகத் தான் சர்ச்சுக்குக் கூடத் தூக்கிட்டுப் போகல.

சந்திரம்மா: மானம் பெருசு தான். நான் இல்லன்னு சொல்லல. ஒரு நாளைக்கி எத்தினி துணி நனைக்குது?

டாக்டர்: ...எட்டு. ஒம்பது.

சந்திரம்மா: எம் பொண்ணு ஜெயப்பிரியா ரெண்டாவது பெத்துட்டு, பால் இல்ல பால் இல்லன்னு அழுதுகினு வந்தாளே, அவள இதே நாற்காலியில உக்கார வெச்சி இன்னா சொன்ன?

டாக்டர்: ஞாபகம் இல்ல.

சந்திரம்மா: "ஆறு துணி நனஞ்சா வயித்துக்குப் பால் போவுதுன்னு அர்த்தம், எழுந்து போ"ன்னு வெரட்டின. ஊரான் புள்ளைக்கி ஆறு போதும். உம் புள்ளைக்கி மட்டும் ஒம்பது பத்தலயா?

டாக்டர்: ...எடை பொய் சொல்லாது.

சந்திரம்மா: எடை சொல்லாது. தராசு சொல்லும்.

டாக்டர்: என்ன சொல்ற நீ?

சந்திரம்மா: நான் ஒன்னும் சொல்லலப்பா. கேக்குறேன். இந்தப் பத்து நாள்ல வேற எந்தப் புள்ளையாச்சும் இதுல வெச்சியா?

டாக்டர்: மூணு. மோகன் கொழந்த, ஷபானா டீச்சர் கொழந்த, அப்பறம் அந்தக் கல்பாக்கம் காலனிப் பொண்ணோடது.

சந்திரம்மா: மூணும் கொழுக்கு மொழுக்குன்னு இருந்துச்சா?

டாக்டர்: இல்ல... மூணும் கம்மி. மூணு அம்மாவையும் நல்லாத் திட்டி அனுப்பினேன்.

சந்திரம்மா: ஷபானா டீச்சரு புள்ளைய நேத்து நானு பாத்தேன். அத இடுப்புல வெச்சிகினு அந்தம்மா ஒரு பக்கமா சாஞ்சிகினு நடக்குது. ஒரே மாசத்துல ஊர்ல இருக்குற அத்தினி புள்ளையுமா இளைக்கும் டாக்டரே? இன்னா, எல்லாம் பேசி வெச்சிகினு விரதமா? யோசி. நீ படிச்சவன்.

டாக்டர்: தராசு சரியாத் தான் இருக்கு. பாரு, தட்டு காலியா இருக்கு. முள்ளு சைபர்ல நிக்குது.

சந்திரம்மா: சைபர்ல நிக்கிதா, அந்த ஆணி மேல சாஞ்சிகினு நிக்கிதா?

டாக்டர்: ...ஆணியா?

சந்திரம்மா: சைபருகிட்ட ஒரு சின்ன ஆணி கீதே. முள்ளு அதுக்கும் கீழ போவணும்னாலும் போவ முடியாது. எதுனா ஒன்ன வெச்சுத் தான் பாரேன். எடை தெரிஞ்ச ஒன்னு.

டாக்டர்: எடை தெரிஞ்சதுன்னா... இந்த சலைன் பாட்டில். அரை லிட்டரு. எப்டியும் அரைக் கிலோ இருக்கும்.

சந்திரம்மா: வெய்யி.

டாக்டர்: ...

சந்திரம்மா: இன்னா காட்டுது?

டாக்டர்: ...சைபரு.

சந்திரம்மா: இன்னொன்னு வெய்யி.

டாக்டர்: முந்நூறு... முந்நூறு சொச்சம். சந்திரம்மா, ஒரு கிலோவுக்கு முந்நூறு காட்டுது!

சந்திரம்மா: அப்ப எவ்ளோ முழுங்குது?

டாக்டர்: எழுநூறு. எழுநூறு கிராமு. மூணு கிலோ நூறும் எழுநூறும்...

சந்திரம்மா: சொல்லு. உன் வாயால சொல்லு.

டாக்டர்: ...மூணு எண்ணூறு.

சந்திரம்மா: கேட்டியாடி கண்ணு? உங்கப்பனுக்குக் கணக்கு வந்துடுச்சி. ...டேய், டேய். இன்னாப்பா நீ. டாக்டரு அழுதா வெளிய கீறவங்க பயந்துக்குவாங்க.

டாக்டர்: யாரு அழுதா. ஸ்பிரிட்டு வாசன.

சந்திரம்மா: ஆமாமா. எனக்கும் ஸ்பிரிட்டு தான்.

டாக்டர்: குடு அவள என் கிட்ட. ...நல்லாத் தான் இருக்கா. கர்த்தரே... நல்லாத் தான் இருக்கா. தொடையப் பாரு, மடிப்பு மடிப்பா இருக்கு. பத்து நாளா இதக் கண்ணால பாத்துட்டு, முள்ள நம்பினேனே.

சந்திரம்மா: பதினோரு மணிக்கு எங்க போற?

டாக்டர்: எங்கயும் போகல. பிரிசில்லா! ...பிரிசில்லா! இங்க வா!

பிரிசில்லா: பை எல்லாம் கார்ல வச்சாச்சுங்க. கிளம்பலாமா? ...ஏன் பாப்பாவ அப்படிப் புடிச்சிருக்கீங்க? என்னாச்சு? பாப்பாவுக்கு என்னாச்சு?

டாக்டர்: ஒன்னும் ஆகல. உக்காரு.

பிரிசில்லா: சொல்லுங்க.

டாக்டர்: தராசு தப்பு.

பிரிசில்லா: என்னது?

டாக்டர்: எழுநூறு கிராமு கம்மியாக் காட்டியிருக்கு. பாப்பா மூணு எண்ணூறு. உன் பால் பத்துது. நல்லாவே பத்துது. எப்பவும் பத்திட்டுத் தான் இருந்திருக்கு.

பிரிசில்லா: ...

சந்திரம்மா: அழு தாயி. நல்லா அழுதுடு.

பிரிசில்லா: பத்து நாள்... பத்து நாள் நான் என் பிள்ளைய நானே பட்டினி போடுறேன்னு நினைச்சிட்டு இருந்தேங்க. பக்கத்துல படுக்கவே பயமா இருந்துச்சு.

டாக்டர்: தெரியும்.

பிரிசில்லா: தப்பு தராசு மேல மட்டும் தானா?

டாக்டர்: ...இல்ல. உன்ன ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கேக்கல. தராசு சொன்னதக் கேட்டேன். என் மேல தான் தப்பு.

சந்திரம்மா: அய்யோ, இத செல்லுல புடிச்சி வெச்சிருக்கணும். கேசவன் சாரக் கூப்புடட்டா?

டாக்டர்: கேசவன்! அந்த ஆள் தான்! போன மாசம் "டாக்டர், தராசுல கிறீச்சுன்னு சத்தம் வருது, எண்ண போடுறேன்"னு கெளம்பினாரு. கீழ முள்ளத் தள்ளி வெக்கிற திருகு இருக்கே, அத அவரு தான் திருகியிருக்கணும். வேலையில இருந்து ரிட்டையர் ஆனா வூட்ல இருக்க வேண்டியது தானே! இனிமே அந்த மனுசன் இந்த வாசப்படி ஏறக்கூடாது. கூப்புடு அவர!

சந்திரம்மா: இரு டாக்டரே. அவரு எண்ண தான் போட்டாரு.

டாக்டர்: உனக்கெப்டித் தெரியும்?

சந்திரம்மா: ...தெரியும்.

பிரிசில்லா: சந்திரம்மாக்கா, வேணாம்...

சந்திரம்மா: வேணும் தாயி. வயசான மனுசன் பேர்ல பழியப் போட்டுட்டு நான் எப்டி சோறு திங்கிறது? டாக்டரே, அந்தத் திருகு மேல கை வெச்சது நானு.

டாக்டர்: நீயா? என் தராசுல உனக்கு என்ன வேல?

சந்திரம்மா: மீன் நிறுத்தேன்.

டாக்டர்: கொழந்த வெக்கிற தட்டுல... மீனா!

சந்திரம்மா: தட்டுல வெக்கல. சோறாக்குற தேக்சாவுல வெச்சி, தேக்சாவ தட்டுல வெச்சேன். பால்சுறா. பெத்தவளுக்குப் பால் ஊறட்டும்னு புட்டு செய்யக் கொணாந்தேன். அதெல்லாம் மூட நம்பிக்க, வூட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு நீ சத்தம் போட்டியாம். அதனால பின்பக்கமா வந்தேன்.

பிரிசில்லா: நான் தாங்க ஆசைப்பட்டேன். அவங்க மேல தப்பில்ல. ஊருக்கு வந்த அன்னிக்கு முதல் தடவ. இது வரைக்கும் மூணு தடவ.

டாக்டர்: நிறுத்தது எதுக்கு? சும்மாக் குடுத்துட்டுப் போக வேண்டியது தானே?

சந்திரம்மா: நான் சும்மாத் தான் நீட்டினேன். ஜெயப்பிரியா வயித்துல புள்ள குறுக்கால கெடந்தப்ப, மழையில, உன் கார்ல போட்டுகினு செங்கல்பட்டு வரைக்கும் போனியே. அந்த நன்றிக்கு ஒரு மீனு குடுக்க எனக்கு வக்கில்லயா? உம் பொண்டாட்டி தான் கேக்கல.

பிரிசில்லா: எப்படி வாங்குவேன்? இந்த வீட்டுக்கு வந்த முதல் நாளே மாமா சொன்னாரு. "ஆண்டைங்க களத்துல மிச்சத்த வாரிப் போடுவாங்க, நாங்க குனிஞ்சு பொறுக்குவோம். இனி இந்த வீட்டுல இனாம்னு ஒரு முருங்கைக்காய் கூட வரக்கூடாது, நிறுத்துக் காசு குடுத்துத் தான் வரணும்"னு. நீங்களும் இன்னிக்கு வரைக்கும் அப்படித் தானே இருக்கீங்க?

டாக்டர்: ...ஆமா.

பிரிசில்லா: சமையல்கட்டுல தராசு கிடையாது. அதான் இத எடுத்துட்டுப் போனேன்.

சந்திரம்மா: மார்க்கெட்டுல நிறுக்கும்போது பாத்திரத்த வெச்சி, முள்ள சைபருக்குத் திருகிட்டுத் தான் மீனப் போடுவோம். கைப்பழக்கம். தேக்சா எழுநூறு கிராமு. திரும்பி வெக்க மறந்துட்டேன். இன்னிக்கிக் காலையில தான் பிரிசில்லா கதவாண்ட நின்னுகினு அழுதுகினே சொல்லிச்சு, புள்ள ஏறல, பெரிய ஆஸ்பத்திரிக்கிப் போறோம்னு. அப்ப தான் எனக்குத் திருகு நெனப்பு வந்துச்சு. மீனுன்னு வாயத் தொறந்தா நீ இது மேல பாய்வ. அதான் முட்டி வலின்னு டோக்கன் வாங்கினு வந்து, உன்னையே கண்டுபுடிக்க வெச்சிட்டுப் பூடலாம்னு பாத்தேன். மூணு தாய்மாருக்கும் நானே போயி சொல்லிடுறேன்...

டாக்டர்: அது உன் வேல இல்ல. திட்டினது நான். நானே அவங்க வூட்டுக்குப் போயி சொல்லிட்டு வரேன்.

பிரிசில்லா: என் மேல கோவமாங்க? உங்களுக்குத் தெரியாம...

டாக்டர்: தெரியாமலா?

பிரிசில்லா: பின்ன?

டாக்டர்: சுறாப் புட்டு வாசன தெரியாத மூக்கா இது? மொத நாளே தெரியும். பால் ஊற அதுல ஒன்னும் இல்லன்னு படிச்சவன் தான் நானு. ஆனா மூணு நாளாப் பக்கத்துல உக்காந்து உன் மூஞ்சியப் பாத்ததுல, இருந்தாலும் இருக்கட்டும்னு தோணிச்சு. வாயத் தொறந்து கேக்க கவுரவம் விடல. ...சந்திரம்மா, வர வெள்ளிக்கெழமையும் கொண்டா. நிறுக்க வேணாம். எங்கப்பாவுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். அப்பறம்... பின்பக்கத்துக் கேட்டுக்கு ஒரே ஒரு சாவி தான், அது எப்பவும் என் சட்டப்பையில தான் இருக்கும். மொத நாளு சாமான் எறக்கத் தொறந்து கெடந்துச்சு. ரெண்டாவது தடவையும் மூணாவது தடவையும் அத யாரு தொறந்து வெச்சதுன்னு நெனச்சீங்க ரெண்டு பேரும்?