கயிற்றை விடச் சொன்னவர்

இந்த மண்டபத்தில் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் லட்சுமம்மாவின் கணவர் கோவிந்தப்பா அண்ணா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் காவல் ஆய்வாளர் அவர்களே, பங்குத் தந்தை அவர்களே, வேலைக்குப் போகாமல் இங்கே வந்திருக்கிற ஜோகுபாளையத்து மக்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் சில்வெஸ்டர். தச்சு வேலை செய்கிறவன். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. ஆனால் மறைந்த நம் உதவி சப்-இன்ஸ்பெக்டர் லட்சுமம்மா அவர்களைப் பற்றிப் பேச இந்த ஊரில் என்னைவிடக் கடமைப்பட்டவன் யார்? அவர் இல்லையென்றால் இன்றைக்கு நான் சிறையில் இருந்திருப்பேன். கொலைகாரன் என்று பெயர் வாங்கியிருப்பேன்!

பதினோரு வருடம் நம் தெருக்களில் ரோந்து வரும் பீட் அதிகாரியாக இருந்தார் அவர். ஸ்கூட்டரை முனையில் நிறுத்திவிட்டு நடந்தே வருவார். எந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் பெண்ணுக்குப் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை, எல்லாம் தெரியும். தாய்மொழி கன்னடம். தமிழை நம் தெருக்களில்தான் கற்றார். "போலீஸ்காரம்மாவுக்கு இங்க என்ன வேலை?" என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

ஆறு வருடத்துக்கு முந்தைய ஒரு மதியம். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று எல்லோர் போனிலும் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருந்த வாரம் அது. வீணாவின் நான்கு வயது மகள் அனன்யாவைக் காணவில்லை. தெருவே தேடி ஓடியது. அப்போது மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு ஆள், தோளில் போர்வை மூட்டை, இடுப்பில் அழுகிற அனன்யா!

யாராவது ஒரு கேள்வி கேட்டோமா? அவர் இந்தியில் என்னவோ சொன்னார். யாராவது காது கொடுத்தோமா? குழந்தையைப் பிடுங்கினோம். அவரை மின்கம்பத்தில் கட்டினோம். மரம் கட்டுகிற கயிறு என் பட்டறையிலிருந்து வந்தது. கட்டியது இந்தக் கைகள். அடித்ததும் இந்தக் கைகள்.

ரோந்து வண்டி பழைய மெட்ராஸ் ரோட்டில் நெரிசலில் மாட்டிக்கொண்டது. லட்சுமம்மா தனியாக ஸ்கூட்டரில் வந்தார். கையில் லத்தி இல்லை. கத்தவும் இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, நேராகக் கூட்டத்துக்குள் வந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"சீனு, கையில என்னப்பா அது, கல்லா? போன வாரம் உன் பொண்ணுக்கு ஆதார் எடுக்க நான்தானே கூட வந்தேன்? கீழ போடு."

சீனு போட்டார்.

"ஐரின், ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பாடற வாய்தானே இது? இங்க நின்னு வீடியோ எடுக்கறியா? போன உள்ள வை."

ஐரின் தலைகுனிந்தார். அப்புறம் லட்சுமம்மா என்னிடம் வந்தார்.

"சில்வெஸ்டர் அண்ணா, கயித்த விடுங்க."

அவ்வளவுதான் சொன்னார். அதுவரை நான் கூட்டம். என் பெயரைக் கேட்டதும் நான் சில்வெஸ்டர் ஆனேன். கயிறு கையிலிருந்து நழுவியது.

பிறகு கட்டப்பட்டிருந்தவரிடம் பெயர் கேட்டார். பிஜய் என்றார். ஒடிசாக்காரர். அடுத்து, வீணாவின் தோளில் இருந்த குழந்தை முன்னால் போய் நின்றார்.

"கண்ணு, இந்த மாமா என்ன பண்ணாரு?"

"ரோட்டுல பஸ் வந்துச்சு. மாமா தூக்கினாரு."

பஸ் சக்கரத்துக்கு முன்னாலிருந்து குழந்தையைத் தூக்கியவர், யார் வீட்டுப் பிள்ளை என்று வாசல் வாசலாகக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அவரைத்தான் நாம் கட்டிவைத்து அடித்தோம்!

நான் அப்படியே சாக்கடை ஓரம் உட்கார்ந்துவிட்டேன். வெட்கம் பிறகு வந்தது. உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்தது நிம்மதி. இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால்? ஆனால் போகவில்லை! அந்த மனிதர் மூச்சு விடுகிறார், என் கை இன்னும் தச்சன் கைதான் என்கிற நிம்மதி.

அதோடு விட்டாரா? இல்லை. பிஜய்யை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு என் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணா, உங்க பேர நான் எழுதித்தான் ஆகணும். தெரிஞ்சவங்கன்னு விட முடியாது."

"எழுதுங்க மேடம்," என்றேன்.

எட்டுப் பேர் மேல் வழக்கு. பட்டறையை மூடிவிட்டு வாய்தா வாய்தாவாக அலைந்தோம். கடைசியில் பிஜய் நீதிபதி முன்னால் நின்று, சமாதானமாகப் போகிறேன் என்றார். இன்றைக்கு அத்திபெலேயில் கடை வைத்திருக்கிறார். அதோ, தூண் பக்கத்தில் நிற்கிறார். முன்னால வாங்க பிஜய், உங்களுக்கு இங்கே இடம் இருக்கிறது!

வழக்கு முடிந்த மறுநாளே, தெரு மக்களும் போலீசும் சேர்ந்து கூடிப் பேசும் பீட் கமிட்டிக்கு நீங்கள்தான் அமைப்பாளர் என்றார் லட்சுமம்மா. "என்னையா மேடம்?" என்று பதறினேன். "தப்பு எப்படி ஆரம்பிக்குதுன்னு உங்களுக்குத்தானே தெரியும்," என்றார்.

ஓய்வு பெற்ற வருடமே நோய் அவரைப் படுக்க வைத்தது. பார்க்கப் போகும்போதெல்லாம் ஒரே கேள்வி: "மீட்டிங் நடக்குதா? பீட்டுக்கு வந்த புதுப் பொண்ணு நடந்து வர்றாளா?" தான் போனதும் எல்லாம் கலைந்துவிடும் என்ற பயம் அவருக்கு. மருந்து கொடுத்தும் தூக்கம் பிடிக்கவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் மறுபடியும் ஒரு பெண்ணின் படம் நம் போன்களில் வந்தது. வீடு வீடாகக் குழந்தைகளைக் கணக்கெடுக்கிறாள், பிடியுங்கள் என்று. பத்துப் பேர் கூடினார்கள். ஆனால் ஒருவரும் அந்தப் பெண்ணைத் தொடவில்லை! ஐரின் போய்ப் பெயர் கேட்டார். சீனு நம் புதிய பீட் காவலர் ஷில்பாவைக் கூப்பிட்டார். அந்தப் பெண் சுகாதாரக் கணக்கெடுப்புக்கு வந்த அம்ருதா என்று தெரிந்தது. கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்து, அம்ருதா ஐரின் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே ஓடிப்போய் லட்சுமம்மாவிடம் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு சந்தேகம்தான் அவருக்கு.

"காபி சூடா குடுத்தீங்களா?"

"சூடாத்தான் மேடம்!"

சிரித்தார். அன்றிரவு நன்றாகத் தூங்கினார் என்று கோவிந்தப்பா அண்ணா சொன்னார். அதற்குப் பிறகு மூன்று நாள்தான் இருந்தார். அந்த மூன்று நாளும் கவலை இல்லாமல் இருந்தார். அழ வந்திருக்கிறோம், அழுவோம். ஆனால் அவர் பயந்தது நடக்கவில்லை என்று தெரிந்துகொண்டுதான் போனார். இதைவிட என்ன ஆறுதல் வேண்டும் நமக்கு?

இனி நம் வேலை. ஏரிக்கரைப் பக்கம் புதுக் கட்டடத்தில், வைட்ஃபீல்டுக்குப் போய்வரும் ஆபீஸ் வண்டி டிரைவர்கள் நாற்பது பேர் குடிவந்திருக்கிறார்கள். ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. நாளைக் காலை எட்டு மணிக்கு ஷில்பாவும் நானும் அங்கே போகிறோம். லட்சுமம்மாவின் வேலையை விடமாட்டோம் என்று வாயால் சொன்னால் போதுமா? யார் யார் வருகிறீர்கள்? எழுந்து நில்லுங்கள்.

ஐரின்... சீனு... பிஜய், அத்திபெலேயிலிருந்தா? சந்தோஷம். பின்வரிசை மொத்தமுமா!

கோவிந்தப்பா அண்ணா, நீங்களுமா? வாங்க அண்ணா. உங்களுக்காக எட்டரைக்குக் கிளம்புவோம்.