இடுப்புக்கு மேல் எடுத்த படம்

"தண்ணி லாரி! எழுந்திரிடா! ஓடு!"

முனுசாமி கத்துகிறான். நான் ஓடுகிறேன். மணல் சுடுகிறது. ஒரு செருப்பு வார் அறுந்துவிட்டது. எனக்கு முன்னால் இருநூறு பேர் இருப்பார்கள். பின்னால் எத்தனை பேர், தெரியாது. லாரி நிற்கவில்லை. ஹாரன் மட்டும் அடிக்கிறது. நீளமாக மூன்று முறை. கையில் பிளாஸ்டிக் கேன். சட்டைக்குள் ஒரு பை. பைக்குள் பாஸ்போர்ட்டும் ஒரு போட்டோவும்.

1990, செப்டம்பர் தொடக்கம். ஈராக் முடிந்து ஜோர்டான் தொடங்காத இடம். இரண்டு நாட்டுக்கும் வேண்டாத மணல். குவைத்தில் ஆகஸ்ட் மாதம், ஒரு வியாழக்கிழமை விடியற்காலை முதல் குண்டுச் சத்தம் கேட்டது. கதவை யாரோ உதைத்தது போல. பிறகு கண்ணாடி உடையும் சத்தம். பிறகு டாங்கி வரும் சத்தம். அது காதில் கேட்காது, தரையில் கேட்கும். மூன்று வாரம் அறைக்குள் அடைந்து கிடந்தோம். பிறகு பஸ். பாஸ்ரா. பாக்தாத். இந்த மணல்.

அரை கேன் தண்ணீரோடு திரும்பினேன். முனுசாமி கூடாரத்து நிழலில் படுத்திருந்தான். இரண்டு நாளாக வாந்தி, பேதி. என்னை ஓடச் சொல்லிக் கத்தியதில்தான் அவனுடைய கடைசி பலம் போனது. அதற்குப் பிறகு அவன் சத்தமாக எதுவும் பேசவில்லை.

மறுநாள் காலை. ஐந்து நாற்பது. மூச்சு இல்லை. நானும் இன்னும் மூன்று பேரும் குழி தோண்டினோம். கட்டியிருந்த லுங்கியோடு வைத்தோம். ஒரு கல்லை வைத்து அடையாளம் செய்தேன். அந்த மணல் முழுக்கக் கல்தான். எந்தக் கல் என்று இனி எவனுக்குத் தெரியும்?

நான் ஏழுமலை. செஞ்சிக்காரன். முனுசாமி வல்லம். என்னைவிட மூன்று வயது மூத்தவன். அவன் குவைத்தில் மெஸ்ஸில் சமைத்தான். நான் கார் கழுவினேன். ஒரே அறை.

விமானத்தில் பம்பாய், அங்கிருந்து ரயில், பஸ். இறங்கியதும் நேராக வல்லம் போனேன். முனுசாமி மனைவி தனம் அண்ணி வாசலில் விழுந்து புரண்டு அழுதாள். கைக்குழந்தை மஞ்சுளா பக்கத்தில் வீறிட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. குவைத்திலிருந்து அவன் தபாலில் அனுப்பியிருந்த ஒரு போட்டோவை அண்ணி கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

முனுசாமி கோட்டு போட்டிருக்கிறான். பின்னால் வெள்ளைக் கார். காரின் மேல் பெரிய டேப் ரிக்கார்டர். கோட்டின் கழுத்துப் பட்டியிலும் தோளிலும் வெள்ளை வெள்ளையாகக் கோடு. வெளிநாட்டு மாடல் என்று வல்லத்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்களாம்.

"தம்பி, அவர்தான் வரல. இதெல்லாம் எங்க?"

போட்டோவைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தேன்.

அண்ணி என்ன நினைத்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. அன்றோடு 'தம்பி' போனது. கோட்டையும் டேப் ரிக்கார்டரையும் விற்று நான் வீட்டுக்குத் தளம் போட்டேன் என்று அனந்தபுரம் வரைக்கும் பேச்சு. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தால் காறித் துப்புவாள். முப்பத்தைந்து வருஷம். நான் துடைத்துக்கொண்டு போனேன்.

ஏன் சொல்லவில்லை? பெரிய தியாகி என்று நினைத்துவிடாதீர்கள். முனுசாமி மானம் போகக் கூடாது என்பது பாதி. மீதிப் பாதி பயம். சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தேனே ஒரு போட்டோ, அதை ஊருக்குக் காட்டித்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். கல்யாணத்துக்கு மறுவாரமே அதைப் பெட்டியின் அடியில் போட்டுப் பூட்டினேன். சாவியை இடுப்பிலேயே வைத்திருந்தேன். கேவலம்தான்.

போன மாதம். காலை ஏழு பத்து. தெருவில் பேரூராட்சித் தண்ணி லாரி ஹாரன் அடிக்கிறது. நான் எழுந்து நிற்கிறேன். இந்த எழவு எடுத்த ஹாரனுக்கு உடம்பு இன்னும் துள்ளுகிறது. கால் வாசலுக்குப் போய்விடும், நான் பின்னால் போய் இழுத்து வர வேண்டும். அப்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. மஞ்சுளா இறங்கினாள். ஆட்டோவுக்குள் தனம் அண்ணி. இறங்கவில்லை. முகத்தைத் திருப்பி ராஜகிரி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மஞ்சுளா டெய்லர். வல்லத்தில் ரவிக்கை தைக்கிறாள். புது வீடு கட்டிவிட்டாள். கிரகப்பிரவேசத்துக்கு அப்பா படத்தைப் பெரிதாக்கி மாட்ட ஆசை. கடையில் பெரிதாக்கிய படத்தைச் சுருட்டி எடுத்து வந்திருந்தாள். மேஜை மேல் விரித்தாள்.

"மாமா, இத பாருங்க. சின்ன படத்துல கோடு மாரி இருந்துச்சு. இது கோடு இல்ல. கையால ஓட்ன நூலு. மிஷின் தையல் போட்டதும் இத பிரிச்சிடுவோம். இது தச்சி முடிக்காத கோட்டு. இத எப்டி எங்கப்பா போட்னு இருக்காரு?"

எனக்கு வேர்த்தது. எழுந்தேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன்.

உள்ளேயிருந்து என் மனைவி காஞ்சனா வந்தாள். "வாயில இன்னா கொழுக்கட்டையா? எடுத்தாந்து காட்டு. எனக்கு எப்பவோ தெரியும். நானும் அந்த கோட்டு போட்ட படத்த பாத்துதானே கழுத்த நீட்டுனேன்?"

பெட்டியைத் திறந்தேன். என் போட்டோவை முனுசாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அதே கார். அதே டேப் ரிக்கார்டர். அதே கோட்டு. தோளில் அதே நூல்.

சொன்னேன். ஒரு வெள்ளிக்கிழமை, லீவு நாள். எங்கள் அறைக்குக் கீழே ஒரு டெய்லர் கடை. யாரோ ஒருவர் தைக்கக் கொடுத்த கோட்டு. டெய்லர் ஒரு மணி நேரத்துக்கு இரவல் கொடுத்தார். டேப் ரிக்கார்டரும் கேமராவும் அறையில் இருந்த கேரளக்காரனுடையவை. கார் தெருவில் நின்றது. அறையில் நாலு பேர். அந்த ஒரு கோட்டையே கழற்றிக் கழற்றி மாட்டிப் படம் எடுத்துக்கொண்டோம். ஊரில் யாரும் சொல்லக் கூடாது என்று சத்தியம் செய்தோம். அன்றைக்கு என்ன சிரிப்பு! முனுசாமிக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

அதற்குள் ஆட்டோவிலிருந்து இறங்கி வந்திருந்தாள் அண்ணி. வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். உள்ளே வந்தாள். இரண்டு படத்தையும் குனிந்து பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"அப்போ எதுவுமே அவருது இல்லியா?"

"இல்ல அண்ணி."

"முப்பத்தஞ்சு வருஷமா உன்ன திட்டித் திட்டியே நாள ஓட்டிட்டேனே. இனிமே நான் யார திட்றது?"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது. அவளுக்கு மிச்சம் இருந்த கோபத்தையும் பிடுங்கிக்கொண்டேனே. அந்தக் கலக்கத்தில்தான் ஒன்று ஞாபகம் வந்தது.

"அண்ணி, இடுப்புக்கு மேலதான் படம் எடுக்கணும்னு முனுசாமி ஒத்தக் கால்ல நின்னான். ஏன் தெரியுமா? பேன்ட்ட தொவச்சி காயப் போட்டிருந்தான். மேல கோட்டு, கீழ லுங்கி. பச்ச கட்டம் போட்டது."

அண்ணி தலையை நிமிர்த்தினாள்.

"நான் வாங்கிக் குடுத்தது. செஞ்சி பஜார்ல. போம்போது பெட்டியில வச்சேன்."

"அதோடதான் வச்சோம் அண்ணி. கடைசியில."

படத்தின் கீழ் ஓரத்தை அண்ணி விரலால் தடவினாள். கோட்டு முடிகிற இடம். அதற்குக் கீழே வெறும் வெள்ளைக் காகிதம். அங்கேயே தடவிக்கொண்டிருந்தாள். அழுதாள். நானும் அழுதேன், வெட்கமில்லாமல்.

நூலைக் கம்ப்யூட்டரில் அழித்துத் தருவதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தாராம். வேண்டாம் என்றாள் மஞ்சுளா. அப்படியே மாட்டிவிட்டாள். கிரகப்பிரவேசத்துக்குப் போனேன். பாயசம் ஊற்றும்போது அண்ணி, "தம்பிக்கு இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றாள்.

அந்த மணலிலும் குவைத்திலும் விட்டு வந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

கோட்டு ஒன்று. தைத்து முடிக்காதது. யாருடையதோ.

டேப் ரிக்கார்டர் ஒன்று. கேரளக்காரனுடையது. அவன் என்ன ஆனான், தெரியாது.

வெள்ளைக் கார் ஒன்று. சொந்தக்காரர் முகத்தைப் பார்த்ததே இல்லை.

என் செருப்பு, ஒரு கால்.

பச்சைக் கட்டம் போட்ட லுங்கி ஒன்று. முனுசாமியுடையது.

முனுசாமி.